ஒன்பதைத் தாழ்த்திப் பேசிய ஆண்டுகள்

கைத்துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா நல்லது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல ஆண்டுகள் அறிவுரை சொல்லி வந்தேன். அந்த அறிவுரை தவறு. தவறு என்று எனக்கே தெரிந்த பிறகும் அதையே சொன்னேன். முதலாவதை அறியாமை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம். இரண்டாவதற்கு அந்தச் சாக்கு கிடையாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெக்சாஸில், டாலஸை ஒட்டிய ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். கணினி வேலை. இங்கே வந்து சில ஆண்டுகள் ஆனபோது உடன் வேலை செய்த ஒருவர் சுடுதளத்துக்கு அழைத்துப் போனார். சுடுவதைவிட அங்கே நடந்த பேச்சுத்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நம்மூர் டீக்கடையில் கட்சி பேசுவதைப் போல அங்கே காலிபர் பேசுகிறார்கள். ஒன்பதா, நாற்பதா, நாற்பத்தைந்தா? இதில் ஒரு பக்கம் நிற்காதவரை அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக மதிப்பதில்லை என்று எனக்குத் தோன்றியது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலிபர் என்பது துப்பாக்கியிலிருந்து பாயும் குண்டின் விட்டம். 9 எம்.எம். என்றால் ஒன்பது மில்லிமீட்டர். ஜெர்மனியில் ஜார்ஜ் லூகர் வடிவமைத்தது. 1904-இல் ஜெர்மன் கடற்படையும் 1908-இல் தரைப்படையும் ஏற்றுக்கொண்டன. .45 என்பது அங்குலத்தின் நூறில் நாற்பத்தைந்து பங்கு, ஏறக்குறைய பதினொன்றரை மில்லிமீட்டர். ஜான் பிரௌனிங் வடிவமைத்தது. 1911 முதல் 1985 வரை அமெரிக்க ராணுவத்தின் பிஸ்டலில் இருந்தது அதுதான். இவ்விரண்டுக்கும் நடுவில் 1990-இல் வந்து உட்கார்ந்தது .40. அதன் விட்டம் பத்து மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஒன்பதுக்கும் நாற்பதுக்கும் அகலத்தில் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எடையில் வித்தியாசம் கூடுதல்: 9 எம்.எம். குண்டு ஏழரை கிராமிலிருந்து ஒன்பதரை கிராம் வரை இருக்கும்; .40-இல் பெரும்பாலும் பதினோரு கிராமுக்கு மேல்; .45-இன் வழக்கமான குண்டு பதினைந்து கிராம்.

நான் பெரிய குண்டின் பக்கம் நின்றேன். ஏன் என்று இப்போது நேர்மையாக யோசித்தால், சான்றுகளைப் பார்த்து எடுத்த முடிவு என்று சொல்ல முடியவில்லை. என்னை முதலில் மதித்துப் பேசியவர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள், அவ்வளவுதான். என் உச்சரிப்பைப் புரிந்துகொள்ள முகத்தைச் சுளித்தவர்கள்கூட, நான் தாம்சன், லகார்ட் என்று பெயர்களைச் சொல்லத் தொடங்கியதும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். வந்தேறியாக இருந்தவனுக்கு அது பெரிய போதை. அதன் பிறகு படித்ததெல்லாம் அந்தப் பக்கத்தை வலுப்படுத்தத்தான். வாசிப்பு என்று அதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. வேண்டிய வரியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

நான் அடிக்கடி சொன்ன கதை பிலிப்பைன்ஸிலிருந்து தொடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மோரோ வீரர்களோடு போரிட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் .38 ரிவால்வர்கள், பாய்ந்து வந்தவர்களை நிறுத்தவில்லை என்று முறையீடு எழுந்தது. ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும் லூயி லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் 1904-இல் சோதனை நடத்தினார்கள். சிகாகோவின் கால்நடைக் கொட்டிலில் உயிருள்ள மாடுகளையும், வேறிடத்தில் மனிதப் பிணங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். ராணுவக் கைத்துப்பாக்கிக்கு .45-க்குக் குறைந்த காலிபர் கூடாது என்று அவர்கள் அறிக்கை சொன்னது. இதை நான் ஒரு தீர்ப்பைப் போல ஒப்பிப்பேன். அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. மனித உடலின் பெரும்பகுதியில் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டு பட்டாலும் உடனே ஆளை நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே குறி தவறாமல் சுடச் சிப்பாய்களுக்கு ஓயாமல் பயிற்சி தர வேண்டும் என்பது அது. அந்தப் பகுதியை நான் படித்திருந்தேன். ஒருவரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது கதையைச் சொல்ல எனக்கு வெட்கத்தைவிட வருத்தம் அதிகம். 1986 ஏப்ரல் 11, மயாமி. வங்கிக் கொள்ளையர்களான மைக்கேல் பிளாட், வில்லியம் மேட்டிக்ஸ் என்ற இருவரை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். ஐந்து நிமிடம்கூட நீடிக்காத சண்டை. தொடக்கத்திலேயே ஜெர்ரி டவ் என்ற அதிகாரியின் 9 எம்.எம். குண்டு பிளாட்டின் வலக்கையைத் துளைத்து வெளியேறி, மார்புக்குள் நுழைந்து, இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுபோனது. பிழைக்க முடியாத காயம்தான். ஆனால் அதற்குப் பிறகும் பிளாட் கையிலிருந்த ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். டவ்வும் பென் குரோகனும் இறந்தார்கள். இன்னும் ஐந்து அதிகாரிகள் காயமடைந்தார்கள்.

இந்தச் சாவுகளை நான் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து விற்பனைப் பேச்சைப் போலச் சொல்லியிருக்கிறேன். “அது நாற்பத்தைந்தா இருந்திருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும்” என்பது என் முடிவுரை. டவ், குரோகன் என்ற பெயர்களை அந்தப் பேச்சில் நான் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் குண்டு நின்ற தூரம் மட்டும்தான்.

முடிவுரையும் பொய். அந்தக் குண்டு தோற்றது அகலம் போதாமல் அல்ல, ஆழம் போதாமல். எடை குறைந்த, சீக்கிரம் விரியும்படி செய்யப்பட்ட குண்டு அது. கையிலேயே விரிந்து வேகத்தை இழந்துவிட்டது. அகலமான குண்டு அகலமாக இருப்பதனாலேயே ஆழமாகப் போய்விடாது. இன்னொரு உண்மையும் அந்தக் கதையிலேயே இருந்தது. சண்டையை முடித்துவைத்தவர் எட்மண்டோ மிரெலெஸ் என்ற அதிகாரி. இடக்கை சிதைந்த நிலையில் ஒற்றைக் கையால் ஷாட்கன்னை இயக்கிச் சுட்டுவிட்டு, பிறகு ரிவால்வரோடு கொள்ளையர்கள் இருந்த காரை நெருங்கிப் போய்ச் சுட்டார். அந்த ரிவால்வரில் இருந்தவை .38 ஸ்பெஷல் தோட்டாக்கள். அந்தக் குண்டின் விட்டமும் 9 எம்.எம். குண்டின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே. இதையும் அறிந்திருந்தேன். இது வந்தால் என் கதை உடைந்துவிடும் என்பதால் மிரெலெஸின் துணிச்சலை ஷாட்கன்னோடு நிறுத்திக்கொள்வேன்.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. மருத்துவர்களையும் ஆய்வாளர்களையும் அழைத்துக் கேட்டது. தசையைப் போலக் கெட்டியாகக் கரைத்த ஜெலட்டின் பாளத்தில் குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18-க்கு மேல் போகக் கூடாது என்ற அளவுகோல் அப்போது வந்தது. முதலில் 10 எம்.எம். என்ற பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் உதை பலருக்குத் தாங்கவில்லை; மருந்தைக் குறைத்துச் சுட்டார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளமான உறை எதற்கு என்று ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து உறையைக் கத்தரித்து உருவாக்கியதுதான் .40. அது 9 எம்.எம். அளவுள்ள துப்பாக்கிக்குள்ளேயே அடங்கிவிட்டது. காவல் துறைகள் ஒன்றன் பின் ஒன்றாக அதற்கு மாறின. 1994-இல் வந்த சட்டமும் அதற்குக் கைகொடுத்தது. பொதுமக்களுக்கான புதிய மேகசினில் பத்துத் தோட்டாவுக்கு மேல் கூடாது என்று பத்தாண்டுகளுக்கு விதித்தார்கள். பத்துத்தான் என்றால் பெரிதாகவே பத்து இருக்கட்டுமே என்று வாங்குகிறவர்கள் நினைத்தார்கள். நாற்பது பரவியதற்குச் சட்டம், அச்சம், சந்தை எல்லாம் காரணம். நான் மட்டும் “அறிவியல்” என்ற ஒற்றைக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் அறிவியல் எது? இவான் மார்ஷல், எட்வின் சானோ இருவரும் 1992-இல் வெளியிட்ட நூலின் பட்டியல்கள். எந்தத் தோட்டா ஒரே அடியில் ஆளை நிறுத்தியது என்று விழுக்காடு போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் சில 9 எம்.எம். தோட்டாக்கள்கூட நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தன. அவற்றை விட்டுவிட்டுத்தான் நான் மேற்கோள் காட்டுவேன். அதைவிடப் பெரிய ஓட்டை, ஒரே ஒரு குண்டு பட்ட நிகழ்ச்சிகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டது. முதல் குண்டில் விழாமல் இரண்டாவது, மூன்றாவது பட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை. தோற்றதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு வென்றதை எண்ணினால் எந்தத் தோட்டாவும் நன்றாகத்தான் தெரியும். மார்ட்டின் ஃபாக்ளர் என்ற ராணுவ அறுவை மருத்துவர் இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்தார். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில், அது நேரடியாகக் கிழித்துச் சென்ற பாதைதான் காயம். சுற்றியுள்ள தசை பெரும்பாலும் விரிந்து மீண்டுவிடும் என்பது அவர் கருத்து. தரவோடு வேலை செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். அலுவலகத்தில் இப்படி ஒரு பட்டியலை யாராவது நீட்டியிருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இதெல்லாம் பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை என்று விட்டிருப்பேனோ என்னவோ. நிற்கவில்லை.

நண்பர் ஒருவரின் மனைவி மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடிந்து வாகன நிறுத்தத்தில் தனியாக நடக்க வேண்டியிருந்தது. அங்கே ஒரு வழிப்பறி நடந்த பிறகு, சுடப் பழகலாம் என்று முடிவு செய்து என்னிடம் வந்தார். என்னை அண்ணா என்று கூப்பிடுவார். சுடுதளத்தில் ஒரு 9 எம்.எம். பிஸ்டலை வாடகைக்கு எடுத்து முதல் நாளே நிதானமாகச் சுட்டார். இலக்குத் தாளின் நடுவில் ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தன. முகத்தில் அச்சம் இல்லை. “இதையே வாங்கிக்கலாமா அண்ணா?” என்று கேட்டார்.

“இது பத்தாதும்மா” என்றேன்.

காவல் துறைகள் அப்போது நாற்பதைக் கைவிடத் தொடங்கியிருந்தன. அவை திருப்பிக் கொடுத்த பிஸ்டல்கள் கடைகளில் மலிவாகக் கிடைத்தன. அவற்றில் ஒரு சிறிய .40-ஐ வாங்கவைத்தேன். அவர் வாடகைக்கு எடுத்ததும் இதுவும் உருவத்தில் ஒன்றுதான்; அதே உடற்கூடு, அதே பிடி. ஆனால் 9 எம்.எம். போலவே உயர்ந்த அழுத்தத்தில் வெடிக்கும் .40, அதைவிடக் கனமான குண்டைத் தள்ளுகிறது. சின்னத் துப்பாக்கியில் அதன் உதை கையை வெட்டி மேலே இழுப்பதாக இருக்கும். நாற்பத்தைந்தின் உதை அப்படி இல்லை. குறைந்த அழுத்தம், கனத்த துப்பாக்கி, மெதுவாகத் தள்ளும். இந்த வித்தியாசமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தடுத்த வாரங்களில் அவருடைய குறி கலைந்தது. விசையை அழுத்தும் கணத்துக்குச் சற்று முன்பே மணிக்கட்டு தாழும். குண்டு இலக்கின் இடப்பக்கம் கீழே இறங்கும். உதையை எதிர்பார்த்து உடல் செய்யும் வேலை இது. சுடப் பழக்குகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அறிகுறி. “அண்ணா, சுடறதுக்கு முன்னாடியே கண்ணு மூடிக்குது” என்றார். “பழகப் பழகச் சரியாயிடும்மா” என்றேன். இன்னும் நிறையச் சுடச் சொன்னேன். ஒரு நாள் பாதித் தோட்டாவை அப்படியே வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். பிறகு வருவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. துப்பாக்கி பெட்டிக்குள் போனது. அவர் வாகன நிறுத்தத்தில் முன்பு போலவே தனியாக நடந்தார்.

“அவங்களுக்கு ஆர்வம் இல்லை” என்று நண்பரிடம் சொன்னேன்.

அப்படிச் சொன்ன காலத்தில் என் காரின் பின்பெட்டியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. ஒரு நாள் சுடுதளத்தில் பக்கத்துத் தடத்தில் நின்றவர் தன் 9 எம்.எம். பிஸ்டலைக் கொடுத்து ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள் என்றார். சுட்டேன். என் நாற்பத்தைந்தால் அதே தொலைவில் சுட்ட தாளோடு வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் ஏறக்குறையப் பாதி இடத்துக்குள் அடங்கியிருந்தன, அதுவும் வேகமாகச் சுட்டு. என் நாற்பத்தைந்தின் தாளில் பல ஓட்டைகள் இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தன. அந்தப் பெண்ணுக்கு இருந்த அதே பழக்கம் எனக்கும் இருந்தது. கொடுத்தவர் எட்டிப் பார்ப்பதற்குள் தாளை மடித்து எடுத்துக்கொண்டேன். மறுவாரமும் அதே கூட்டத்தில் உட்கார்ந்து ஒன்பதைத் தாழ்த்திப் பேசினேன். இந்த வாக்குமூலத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். கண்ணால் பார்த்த சான்றை என் கையாலேயே ஒளித்தேன். அந்தப் பெண்ணுக்கு உதவியிருக்கக்கூடிய ஒரே சான்று அது.

எஃப்.பி.ஐ. 2014-இல் எழுதிய குறிப்பில் ஒன்பதுக்கே திரும்பலாம் என்று வாதிட்டது. முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் இன்றைய குண்டுகள் ஜெலட்டினில் போகும் ஆழத்திலும் செய்யும் பாதையிலும் மூன்று காலிபர்களுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்றது. அதிகாரிகள் உண்மையான மோதலில் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு குறி தவறுகின்றன என்றது. ஒன்பதில் பெரும்பாலானோர் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள், ஒரே அளவுள்ள துப்பாக்கியில் கூடுதல் தோட்டா கொள்கிறது, விலையும் குறைவு. 2016-இல் ஒன்பதுக்கான ஒப்பந்தம் போட்டார்கள். நாடெங்கும் காவல் துறைகள் பின்தொடர்ந்தன. அமெரிக்க ராணுவம் 1985-இல் பெரெட்டா பிஸ்டலை எடுத்தபோதே ஒன்பதுக்கு வந்துவிட்டது. 2017-இல் புதிய பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோதும் அதிலேயே இருந்தது. நேட்டோ நாடுகளுக்கும் பொதுத் தோட்டா அதுதான் என்பதால் உலகெங்கும் மலைபோல் உற்பத்தியாகிறது. அதனால் மலிவு. மலிவு என்பதால் நிறையப் பழகலாம். பழகினால்தான் குறி. ஒன்பது வென்றது இப்படித்தான்.

அந்தக் குறிப்பு வந்தபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பணத்தை மிச்சம் பிடிக்கறாங்க” என்று முதலில் சொன்னேன். பிறகு, “இப்ப வேலைக்குச் சேர்றவங்க கையெல்லாம் சின்னக் கை, பெண்களும் நிறைய வந்துட்டாங்க, அவங்களுக்காகத் தரத்தைக் குறைக்கறாங்க” என்றேன். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதை நினைக்கும்போதுதான் என்மீது எனக்கு மிகுந்த கோபம் வருகிறது. குண்டின் விட்டத்தைப் பற்றி எனக்கிருந்த தவறான எண்ணம் சரியாகிவிடக்கூடியது. எவராலோ ஒரு கருவியைத் தாங்க முடியவில்லை என்றால் குறை அந்த ஆளிடம்தான் என்று முடிவு கட்டும் மனம் வேறு வகை. செவிலியராக இரவெல்லாம் நோயாளிகளைத் தூக்கி மாற்றும் கையைப் பலமில்லாத கை என்று தீர்மானித்தது அந்த மனம்தான்.

2020-இல் தோட்டாத் தட்டுப்பாடு வந்தபோது கடைகளில் ஒன்பதின் அலமாரி காலியாகி, நாற்பது மட்டும் அங்கங்கே கிடந்தது. அதைக்கூட என் பக்க வாதமாகச் சொல்லிப் பார்த்தேன்: பாருங்கள், நாற்பது கிடைக்கிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் அமைதியாக, “யாருக்கும் வேண்டாததுதானே கிடைக்கும்” என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. அன்று முதல் அந்தப் பேச்சை விட்டேன். தவறை ஒப்புக்கொள்ள மட்டும் இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

போன ஆண்டு நண்பர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் நேரில் சொன்னேன். தாளை ஒளித்ததையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அந்த முதல் நாள் சுட்டதே எனக்கு நல்லா இருந்துச்சுண்ணா. ஆனா நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, அதனால என் கையிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அந்த .40-ஐ நானே விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். மறுபடி பழக வருகிறீர்களா என்று கேட்டதற்கு, இப்போது பகல் பணிக்கு மாறிவிட்டேன், தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார். வற்புறுத்தவில்லை. வந்தால் நான் சொல்லித்தர மாட்டேன். எங்கள் சுடுதளத்தில் ஓர் அம்மா சொல்லித்தருகிறார். நாலைந்து துப்பாக்கிகளை வரிசையாக வைத்து, வந்தவரையே எல்லாவற்றையும் சுடவைத்து, கடைசியில் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டுகிறார். எது வாங்குவது என்று அவர் வாயைத் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டு வருகிறவர்களை இப்போது அவரிடம் அனுப்புகிறேன்.

என் பேச்சைக் கேட்டு நாற்பதும் நாற்பத்தைந்தும் வாங்கிய மற்றவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன். சிலர் ஊர் மாறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் ஏற்க மறுக்கிறார். நான் முன்பு சொன்ன மயாமிக் கதையையே எனக்குத் திருப்பிச் சொல்லி வாதிடுகிறார். அவரிடம் டவ், குரோகன் என்ற இருவரைப் பற்றியும், மிரெலெஸின் ரிவால்வரைப் பற்றியும், நான் விட்டுவிட்ட பகுதிகளைச் சேர்த்து முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.